கூரை பார்த்தாச்சு

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் கடிகாரக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கூச்சமே இல்லாமல் 'அக்கா' போட்டுத்தான் கூப்பிட்டார்கள். வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த நான்கு குட்டிச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களை ஒன்றுபோல ஓடவைப்பது அவள் வேலை. அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளும் உள்ளூர அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்த்தது.

ஒவ்வொரு கோளும் இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒட்டிவைத்த அளவுதான் இருக்கும். தனித்தனியாக ஒன்றையும் கிழிக்காது. நான்கும் சேர்ந்து பறந்தால் கடல்மேல் படிந்த எண்ணெயைப் படம் பிடிக்கும், கப்பல்களின் செய்திகளைக் கைமாற்றிவிடும், எல்லாவற்றுக்கும் மேலாக, நடுக்கடலில் மாட்டிக்கொண்டவர் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும். ஒரே கூப்பாடு நான்கு காதுகளுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். எதற்கு முன்னே, எதற்குப் பின்னே, எவ்வளவு என்று பார்த்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் நான்கும் ஒரே நேரத்தைக் காட்டவேண்டும். கண் இமைக்கிற நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும், இடம் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய்விடும்.

கோள்களுக்கு முறையான எண்கள் இருந்தன. யாருக்கும் அவை ஞாபகத்தில் நிற்கவில்லை. அதனால் பெரியக்கா, நடுவுள்ளவன், கேமரா எப்போதும் மங்கலாகத் தெரிகிற சோடாபுட்டி, கடைசியாகப் போன கடைக்குட்டி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரியக்கா நேரம் சொல்லும். மற்ற மூன்றும் அதைக் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். கடைக்குட்டிக்கு மட்டும் வெயில் ஆகவில்லை. உடம்பு சூடேறினால் அதன் கடிகாரம் சோம்பல் முறிக்க ஆரம்பித்துவிடும்.

"அத ஓரங்கட்டிடலாம்மா. மூணு போதும், சமாளிச்சுக்கலாம்," என்றார் நெட்டை சார். அவர்தான் தலைமை. உயரத்துக்காக வந்த பெயர், அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்குவது.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்குட்டியை அனுப்பவேண்டும் என்று மேலிடத்தில் மன்றாடியவளே அவள்தான். ஒரு வாரம் டைம் கேட்டாள். அந்த வாரத்தில் யாருக்கும் தெரியாமல் கீழே இருக்கிற கணினியில் ஒரு ஊன்றுகோல் வைத்தாள். கடைக்குட்டி எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவையும் இங்கேயே கூட்டிக்கொள்கிற சின்னத் திருத்தம் அது. இடங்கள் சரியாக வர ஆரம்பித்தன. "சரியாயிடுச்சு சார்," என்றாள். எப்படிச் சரியானது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால், ஒட்டுப்போட்டதை எதற்கு வைத்துக்கொண்டு அழுகிறாய் என்று ஆரம்பித்துவிடுவார்.

பிறகு உண்மையான மருந்தையும் அவளே கண்டுபிடித்தாள். தன் சூட்டைத் தானே அளந்து, கடைக்குட்டி தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்படி ஒரு புது ஏற்பாட்டை எழுதி மேலே அனுப்பினாள். அன்றைக்குத் திரையில் நான்கு கடிகாரங்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடந்ததைப் பார்த்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கீழே வைத்த ஊன்றுகோலை எடுக்க மறந்துபோனாள். ஒரே பிசகுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று இரண்டு தடவை திருத்தம். பிந்தி நடந்த பிள்ளை இப்போது கணக்கில் முந்தி ஓடியது.

இந்த மாதிரி மறதிகளுக்காகவே அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மொட்டை மாடியில் ஒரு குழாயோடு சேர்த்துக் கட்டிய சோதனைப் பெட்டி, அதில் ஒரு ஆபத்துப் பொத்தான். யார் எந்தக் கடிகாரத்தில் கை வைத்தாலும், கோள்கள் அடுத்த தடவை தலைக்கு மேலே வரும்போது இரும்பு ஏணியில் ஏறிப் போய் அதை அழுத்தவேண்டும். திரையில் விழுகிற புள்ளி தங்கள் கூரைமேலேயே விழவேண்டும். இதற்குப் பெயர் கூரை பார்ப்பது. கூரை பார்க்காத வேலையை வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. கோள்கள் திரும்பி வர நேரம் இருந்தது. அவளுக்குப் பசி. கண்ணெதிரே நான்கும் ஒத்துப்போவது தெரிந்தது. இதற்குமேல் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது?

"கூரை பாத்தாச்சாக்கா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஆன்டெனாக்காரி கேட்டாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாம் நாள் ஒரு சின்னப் படகு கடலில் கவிழ்ந்தது. அதில் இரண்டு பேர். ஒருவர் பொத்தானை அழுத்தினார். நான்கு கோள்களும் கேட்டன, கணக்குப் போட்டன, இடத்தைச் சொன்னன. அந்த இடம் கரைக் காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மீட்புப் படகு ஓட்டுகிறவனுக்குப் போனது. மீட்புப் படகு ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி.

சொன்ன இடத்துக்குத் தம்பி போனான். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடி, டீசல் அடிமட்டத்துக்கு வந்தபிறகு திரும்பினான். மறுநாள் காலையில் ஒரு சரக்குக் கப்பல் வேறோர் இடத்தில் ஒருவரை உயிரோடு தூக்கியது. இன்னொருவரைப் பிணமாகத்தான் தூக்க முடிந்தது. அவர்கள் கிடந்த இடம் தம்பி தேடியதாகச் சொன்ன இடத்திலிருந்து வெகு தூரம்.

செய்தி அவள் காதுக்கும் வந்தது. அலுவலகத்துக்கு ஓடிப் போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஊன்றுகோல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அதை எடுத்துவிட்டாள். இன்னொருவருக்கு இதே மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் எடுத்தாள். அது பொய்யில்லை. எடுத்த கையோடு எழுந்து போய் நெட்டை சாரிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே விசாரணை அதிகாரி வந்துவிட்டார். குள்ளமான, எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற மனிதர். மூச்சு வாங்க ஏணியேறி, தன் விரலாலேயே சோதனைப் பொத்தானை அழுத்தினார். கீழே வந்து திரையைப் பார்த்தார். புள்ளி கூரைமேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"எங்க கடிகாரக்கா வேலைன்னா அப்படித்தான் சார்," என்றார் நெட்டை சார், பெருமை தாங்காமல். "கடைக்குட்டியத் திருத்தின அன்னைக்கும் கூரை பாத்தீங்கல்லம்மா?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தேன் சார்," என்றாள்.

முதல் தடவை சொன்னதைச் சோம்பல் என்று மன்னிக்கலாம். இந்த இரண்டாவதை என்னவென்று சொல்வது? அதுவும் யார் தலையில் விடியப்போகிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகு. ஆட்கள் வேறிடத்தில் கிடைத்ததற்கு ராத்திரி நீரோட்டம் இழுத்திருக்கும் என்று காரணம் சொல்லிவிட்டார்கள். கோள்கள் சரி என்றால் படகு ஓட்டியவன் தப்பு. நடுவில் மூன்றாவது வழி இல்லை. போன வழியைக் காட்டவேண்டிய கருவி உப்புத்தண்ணீர் ஏறி எப்போதோ செத்துக் கிடந்ததால், தம்பியிடம் காட்டுவதற்குத் தன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள்.

வீட்டில் அம்மா அவனைக் கரித்துக்கொட்டினாள். "மேலேருந்து உங்க அக்கா இடத்தக் காட்டுறா. கீழ போய்ச் சேரத் தெரியலயா உனக்கு? பள்ளிக்கூடத்துக்கே வழி மாறிப் போனவன்தானே நீ!"

"போதும்மா," என்றாள் அவள்.

"நீ சும்மா இருடி. உன்ன மாதிரி ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு வாயத் திறக்குறேன்?"

அவளுக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அம்மா மேல் கோபம் வந்தது, ஏதோ எல்லாம் அம்மா செய்த வேலை மாதிரி. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தம்பி பதிலுக்குப் பதில் பேசுகிறவன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிறவன். இப்போது அம்மா திட்டினால் தலையைக் குனிந்துகொண்டான். பகலெல்லாம் வீட்டிலேயே கிடந்தான். ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினான், உடைந்த நாற்காலிக்கு ஆணி அடித்தான், யாரும் கேட்காமலே ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தான். அலுவலகத்திலிருந்து வந்தவளுக்கு டீயும் போட்டுக் கொடுத்தான். அவன் பார்க்காதபோது அந்த டீயை அவள் தொட்டியில் ஊற்றினாள். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை மனசுக்குள் வரிவரியாகச் சொல்லிப் பார்ப்பாள். அலுவலக வாசலில் யாராவது "குட் மார்னிங்க்கா" என்றதும் எல்லாம் கலைந்துபோகும். இப்படியே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம், தம்பி சமையலறையில் அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே பேசினான்.

"அக்கா, நாளைக்கு நான் தப்பு என்னுதுதான்னு சொல்லிடப்போறேன்."

"என்னடா உளர்ற?"

"இல்லக்கா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். எழுதிக் குடுத்த இடத்துக்குத்தான் போனேன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா உங்க மிஷினு சரியா இருக்குன்னு அந்த ஆளே மாடியேறிப் பாத்துட்டாரு. நீயும் பாத்திருக்க. நீ பாத்தேன்னா பாத்ததுதான். அப்ப நான்தானே தப்பாப் படிச்சிருக்கணும்? கூட வந்த பையனும் இப்ப 'தெரியலண்ணே'ங்கிறான். கண்ணால பாத்தத நம்புறதா, கணக்க நம்புறதா? எனக்கே இப்ப என்மேல நம்பிக்க இல்லக்கா."

அவன் கண்களில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். தன்னைத் தானே சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு ஓய்ந்துபோன முகமாக இருந்தது. இவனை இப்படி ஆக்கியது கடலில்லை, படகில்லை, நான்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னைப் பிடித்து நான்கு அறை அறையவேண்டும் போலிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"முதல்ல சாப்பிடு," என்ற சொற்கள்தான் வந்தன.

மறுநாள் விசாரணைக் கூடத்தில் நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், தலைக்கு மேலே கடகடக்கிற மின்விசிறி. முன்வரிசையில் இறந்துபோனவரின் மனைவி மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, அதன் காதுகளை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் தம்பி, தேய்த்த சட்டையோடு. கோள்கள் சரியாக இருந்தன என்று சொல்ல நிபுணர் என்ற முறையில் அவளை முதலில் கூப்பிட்டார்கள். நெட்டை சார் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

"சம்பவத்தன்னைக்கு உங்க கோள்கள் சரியான இடத்தத்தானே சொல்லுச்சு?" என்று அதிகாரி கேட்டார். பதிலை முன்கூட்டியே பாதி எழுதிவிட்டிருந்தார்.

"இல்ல சார்," என்றாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்திருந்தது. ஊன்றுகோல் வைத்தது, மேலேயும் கீழேயுமாக இரண்டு தடவை திருத்தியது, விஷயம் தெரிந்ததும் சத்தமில்லாமல் எடுத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் நெட்டை சார் எழுந்து நின்றதும், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்ததும் கண்ணோரத்தில் தெரிந்தது.

"கூரை பாத்தேன்னு சொன்னீங்களே?"

"பாக்கல சார். பாத்ததா ரெண்டு தடவையும் பொய் சொன்னேன். படகு ஓட்டினவரு நாங்க சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்காரு. நான்தான் தப்பான இடத்துக்கு அனுப்பினேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. முன்வரிசைப் பெண் கையை உயர்த்தினாள், வகுப்பில் மாணவி உயர்த்துகிற மாதிரி. அதிகாரி தலையாட்டியதும் கேட்டாள்.

"அந்தக் கூரைய ஏறிப் பாக்க எவ்வளவு நேரம்மா ஆகும்?"

அந்தப் பெண் கூச்சல் போட்டிருக்கலாம், பையைத் தூக்கி எறிந்திருக்கலாம். தாழ்ந்த குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள்போலக் கேட்டாள்.

"கொஞ்ச நேரந்தாம்மா," என்றாள் கடிகாரக்கா. அதற்குமேல் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படகு ஓட்டியவர்மேல் தவறில்லை என்று அதிகாரி குறித்துக்கொண்டார். அவள்மேல் நடவடிக்கை என்ன என்பதைத் தனியாகப் பார்க்கலாம் என்றார். எல்லாரும் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று இடைவேளை விட்டார்.

நடைபாதைப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். வேலை போகும், பெயர் போகும். அதெல்லாம் போகட்டும் என்றிருந்தது. பல நாட்களுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக உள்ளே போய் வெளியே வந்தது. தம்பி காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துவந்து அவளிடம் நீட்டினான். திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லக்கா," என்றான். அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்தான். "சரி, அப்ப அந்தச் செத்துப்போனவரு நெஜமா எங்க இருந்தாரு?"

அவள் போனில் கடல் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஊன்றுகோலை எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். பொத்தான் இறந்தவரின் மிதவைச் சட்டையோடு கட்டியிருந்தது. அதனால் கோள்கள் ஒவ்வொரு தடவை மேலே வந்தபோதும் அவர் எங்கே மிதந்துகொண்டிருந்தார் என்பது வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

தம்பி போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விரலால் பெரிதாக்கினான்.

"இது நான் போன வழிக்கா."

"என்னடா?"

"போறப்ப இந்தப் பக்கமாத்தான் போனேன். தூரத்துல ஆரஞ்சுக் கலர்ல ஏதோ மிதந்துச்சு. நிறுத்திப் பாப்பமான்னு பையன் கேட்டான். ஏதாவது எண்ண கேனா இருக்கும், இடம் இன்னும் தள்ளி இருக்கு, எங்கக்கா ஆபீஸு கணக்கு தப்பாதுன்னு சொல்லிட்டு முறுக்கிக்கிட்டுப் போனேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அது கேன்தானக்கா?"

அவன் எத்தனை மணிக்குக் கரையிலிருந்து கிளம்பினான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் புள்ளி எங்கே இருந்தது என்பதும் தெரியும். கேன்தான்டா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நம்பிவிடுவான். இத்தனை வருஷமாக அவள் சொன்ன எல்லாவற்றையும் நம்பியவன்தான்.

"கேன் இல்லடா," என்றாள்.

சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பாரத்தை இறக்கிவைப்பதாக நினைத்துத்தான் உள்ளே அத்தனையும் சொன்னாள். இறக்கிய இடத்திலேயே அதைவிடக் கனமான ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டாள். அவன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போற?"

"உள்ள. சொல்லணும்ல."

"உன்மேல தப்பில்லன்னு எழுதியாச்சுடா! என்னாலதானே நீ நிக்காமப் போன? சும்மா உக்காரு. இத யாரும் உன்னக் கேக்கப்போறதில்ல." அவள் குரல் உயர்ந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தம்மா உள்ளதானே உக்காந்திருக்காங்க," என்றான் அவன். "அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு இத்தனை நாள் ஆனது, அவனுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தட்டிவிட்டு, தம்பி உள்ளே போனான். அவளும் எழுந்து அவன் பின்னாலேயே போனாள்.